பெயர் வெட்டிய டம்ளர்: வீட்டுக்குள் நடக்கும் கிரெடிட் கார்டு மோசடி எப்படி இயங்குகிறது?

விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் சர்க்கரை டப்பா காலி என்று தெரியவரும். உடனே ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். டம்ளரின் விளிம்பில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மா பெயரைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் நிரப்பிக் கொடுத்துவிடுவார். டம்ளரைக் கொண்டுவந்தது எந்தப் பிள்ளை என்பது அவர் கணக்கில் சேராது. டம்ளரில் யார் பெயரோ அவர் பேரில்தான் கடன்.

கிரெடிட் கார்டு வேலை செய்வதும் இப்படித்தான். வங்கி பக்கத்து வீடு. கார்டு, பெயர் வெட்டிய டம்ளர். கடையில் கார்டைத் தேய்க்கும்போது நம் பணம் ஒரு ரூபாய்கூட நகர்வதில்லை. வங்கி தன் டப்பாவிலிருந்து கடைக்காரருக்கு அளந்து கொடுத்துவிட்டு, நம் பேரில் எழுதி வைத்துக்கொள்கிறது. டெபிட் கார்டை ஒருவர் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்தினால் சேமிப்புக் கணக்கில் பணம் குறையும். பென்ஷன் எடுக்கப் போகிற அன்றே விஷயம் தெரிந்துவிடும். கிரெடிட் கார்டில் எதுவும் குறையாது, பக்கத்து வீட்டு நோட்டில் கடன் மட்டும் ஏறும். அந்த நோட்டைப் பாட்டி பார்ப்பதே இல்லை. பெரியவர்கள் பெயரில் வீட்டுக்குள்ளேயே நடக்கும் மோசடி மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

முகம் தெரியாத ஆள் போனில் கூப்பிட்டு ஏமாற்றுவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே சொல்லப்போவது மகனோ மகளோ மருமகனோ பேரனோ செய்வதைப் பற்றி. இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பாதிக்கப்பட்டவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்கிறார்.

இது திருட்டாகத் தொடங்குவதும் அபூர்வம். "கரண்ட் பில் கட்டிடுப்பா" என்று பாட்டியே கார்டைக் கொடுத்திருப்பார். மருந்து வாங்கவும் கேஸ் புக் செய்யவும் பேரன்தான் போனில் தட்டுவான். கார்டு எண் அவனுக்கு மனப்பாடம். பின் நம்பர் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். ஒரு மாதம் அவனுக்குக் கையில் பணமில்லை. அடுத்த வாரம் கட்டிவிடலாம் என்று நினைத்து இரண்டாயிரத்துக்கு எதையோ வாங்குகிறான். யாரும் கேட்கவில்லை. அடுத்தது எட்டாயிரம். பாட்டி கொடுத்தனுப்பிய டம்ளர் எது, அவனாக எடுத்துக்கொண்டு போன டம்ளர் எது என்பது கொஞ்ச நாளில் அவனுக்கே மங்கிவிடுகிறது.

பக்கத்து வீட்டு அம்மாவும் ஏமாளியல்ல. சந்தேகம் வந்தால் மதிலருகே நின்று, "பாட்டி, நீங்கதான் சர்க்கரை கேட்டு அனுப்பினீங்களா?" என்று குரல் கொடுப்பார். இதுதான் ஓடிபி. இணையத்தில் கார்டைப் பயன்படுத்த, அட்டையில் அச்சிட்டிருக்கும் விவரங்கள் மட்டும் போதாது, இன்னொரு உறுதிப்பாடும் வேண்டும் என்று 2009-லேயே ரிசர்வ் வங்கி விதித்தது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு, "ஆமாம்" என்று பதில் சொன்ன குரல் யாருடையது என்று தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது, அவ்வளவுதான் தெரியும். வெளியாள் அந்தப் பதிலை வாங்கப் பொய்க்கதை கட்ட வேண்டும். வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிரமம் கிடையாது. பாட்டி தூங்கும்போது போன் மேஜைமேல்தான் கிடக்கிறது.

பல வீடுகளில் போனை எடுத்துப் பார்க்கும் சிரமம்கூட இல்லை. கார்டுக்கு விண்ணப்பித்தபோதே "எனக்கு எங்கே மெசேஜ் பார்க்கத் தெரியும், உன் நம்பரையே போடு" என்று பெரியவர் சொல்லியிருப்பார். ஓடிபியும் செலவுத் தகவலும் நேராகப் பிள்ளையின் போனுக்குப் போகும். ஸ்டேட்மென்ட் போகும் மின்னஞ்சலும் அவன் உருவாக்கியது. மதிலருகே எழும் குரல் பாட்டியின் காதில் விழ வழியே இல்லை. நான் இதில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்: வங்கியில் பதிவாகியிருக்கும் எண் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது?

பாட்டிக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் புது டம்ளர் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆதாரும் பான் கார்டும் பீரோவில். வாடிக்கையாளரை வீடியோ வழியாக அடையாளம் காண 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் "பாட்டி, இந்தப் போனைப் பாருங்க, அவங்க கேக்கறதுக்குச் சரின்னு சொல்லுங்க" என்று பேரன் சொன்னால், எதற்கென்று கேட்காமல் பார்க்கிற பாட்டிகள்தான் நம் வீடுகளில் அதிகம். பெரியவரின் வைப்புநிதியை ஈடாகக் காட்டி, வருமானச் சான்று இல்லாமல் கார்டு வாங்குவதும் உண்டு. இந்த வகை எனக்கு மிகவும் கவலை தருவது. கடன் கட்டாமல் நின்றுபோனால், வங்கி அந்த வைப்புநிதியிலேயே கழித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கிவைத்த பணம் போய்விட்டது என்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில்தான் தெரியும். கூடுதல் கார்டு என்று பிள்ளைகளின் பெயர் அச்சிட்டுத் தருகிறார்களே, அதுவும் பாட்டியின் டம்ளர்தான். யார் தேய்த்தாலும் கடன் மூலக் கார்டுக்காரரையே சேரும்.

இன்னொரு சிறிய ஓட்டையும் உண்டு. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே கார்டைக் கருவியில் காட்டிப் பணம் செலுத்தலாம். அதற்கு மதிலருகே குரல் கொடுக்கும் சடங்கே கிடையாது.

கடன் எப்படிப் பெருகுகிறது

பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த சர்க்கரைக்கு வட்டி கேட்கமாட்டார். வங்கி கேட்கும், அதுவும் கடுமையாக. மாதம் மூன்றரை சதவீதம் என்பது பல கார்டுகளில் சாதாரணம். ஆண்டுக்கு 42 சதவீதம். முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை. ஒரு பகுதி பாக்கி வைத்தாலும் வட்டியில்லாச் சலுகை போய், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் எடுத்த நாளே வட்டி தொடங்கும், தனியாகக் கட்டணமும் உண்டு.

வீட்டு மோசடியை நீண்ட நாள் மறைத்து வைப்பது 'குறைந்தபட்சத் தொகை' என்ற ஏற்பாடு. வாங்கியது ஒரு டம்ளர், திருப்பிக் கொடுப்பது ஒரு ஸ்பூன். ஸ்பூன் வந்துகொண்டிருக்கும்வரை பக்கத்து வீட்டிலிருந்து யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ஒரு லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3,500. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. இரண்டும் சேர்ந்து 4,130. பேரன் குறைந்தபட்சத் தொகையாக 5,000 கட்டுகிறான் என்றால் அசலில் குறைவது 870 ரூபாய். கட்டுகிறோமே என்ற நிம்மதி அவனுக்கு. பாட்டியின் பெயரில் ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது. அவன் வேலை போய் அந்த 5,000-ம் நின்ற மாதத்தில்தான் பாட்டிக்கு முதல் போன் வருகிறது. அதுவும் வசூல் ஆளிடமிருந்து.

அந்தப் போன் வரும்போது பெரியவர் நடுங்கிப்போகிறார். அவருக்கு ஒன்று சொல்லவேண்டும்: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் அதுவே தனிப் புகாருக்குரிய விஷயம்.

டம்ளரை நிறுத்துவதும் பிள்ளையைக் காட்டுவதும்

விஷயம் தெரிந்த அன்று வீட்டில் என்ன நடக்கும்? மகள் கத்துவாள், மகன் பேசாமல் நிற்பான், மருமகள் அழுவாள். பாட்டி, "விடுங்க, என் பேரன்தானே, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்பார். இப்படியே ஒரு வாரம் போகும். அந்த ஒரு வாரமும் கார்டு உயிரோடிருக்கும்.

இங்கேதான் குடும்பங்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன. கார்டை நிறுத்துவது ஒன்று. யார் செய்தது என்று வெளியே சொல்வது மற்றொன்று. மதிலருகே போய், "இனிமே அந்த டம்ளரோட யார் வந்தாலும் கொடுக்காதீங்கம்மா" என்று சொல்வதற்கு யார் பெயரையும் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாவும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. வங்கியும் கேட்காது. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, கார்டை முடக்குங்கள் என்று சொன்னால் போதும். தெரிந்த அந்த மணிநேரத்திலேயே அதைச் செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். போன் செய்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பேரனை மன்னிப்பதா, போலீஸுக்குப் போவதா என்பதை நாளை பேசலாம், அடுத்த வாரமும் பேசலாம்.

அவசரத்துக்குக் காரணம், 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யாருக்கு என்று அது பிரிக்கிறது. பக்கத்து வீட்டின் கதவே சரியில்லாமல் திருட்டுப்போனால், அதாவது தவறு வங்கியுடையது என்றால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் தவறு செய்யவில்லை, வாடிக்கையாளரும் தவறு செய்யவில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட வரம்புள்ள கார்டில் 25,000 ரூபாய் நம் தலையில். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

நம் விஷயம் பெரும்பாலும் மூன்றாவது இனத்தில் போய் விழுகிறது: வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்த கவனக்குறைவு. அப்படியானால் புகார் செய்யும்வரை நடந்த முழு நஷ்டமும் வாடிக்கையாளருடையது. புகார் செய்த பிறகு நடப்பது வங்கியுடையது. பேரனிடம் கார்டையும் ஓடிபியையும் பாட்டியே கொடுத்திருந்தால், போன பணத்தை வங்கி தராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் புகார் பதிவான நிமிடத்தில் அந்தக் கணக்கில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு அப்பால் பாட்டிக்குப் பொறுப்பில்லை. முன்பு சொன்ன ஒரு வாரத் தயக்கத்தின் விலை என்ன என்பதை இங்கே கணக்குப் பார்க்கலாம்.

பாட்டி எதையும் கொடுக்கவில்லை, பேரனே போனை எடுத்துப் பார்த்துப் போட்டுக்கொண்டான், அல்லது அவருக்குத் தெரியாமலே புதுக் கார்டு வாங்கினான் என்றால் கதை வேறு. அது பாட்டியின் கவனக்குறைவுதானா என்று வாதாட இடமுண்டு. வாடிக்கையாளர்மீதுதான் தவறு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, முடிவு தெரியும்வரை கட்டணமோ வட்டியோ போடக் கூடாது. கேட்டால் 30 நாளுக்குள் விளக்கமும், இருக்கும் ஆவணச் சான்றும் தரவேண்டும். ஆனால் இந்த வாதத்தை வைப்பதென்றால் உண்மையை எழுதித் தரவேண்டும். பேரன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் சில குடும்பங்கள் நடுவழி ஒன்றைக் கண்டுபிடிக்கின்றன: "யாரோ தெரியாத ஆள் செய்துவிட்டான்" என்று எழுதிக் கொடுத்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். பொருள் எந்த விலாசத்தில் இறங்கியது, எந்தப் போனிலிருந்து ஆர்டர் போனது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பேரனின் விடுதி விலாசத்துக்கு ஷூ போயிருந்தால் பொய் சொன்னவர் என்ற பழி கையெழுத்துப் போட்ட பாட்டிமேல் விழும். பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம்.

இதைவிடக் கொடுமை இன்னொன்று நடக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மீதோ பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆள்மீதோ முதல் சந்தேகம் பாய்கிறது. ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் ஒரு ஏழைப் பெண்ணை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். கடையின் பெயர், தேதி, நேரம், இறங்கிய விலாசம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு யாரைப் பற்றியும் பேசுங்கள். பெரியவருக்கு ஞாபகமறதி இருந்தால் அவரே ஒப்புக்கொண்டு வாங்கியதும் அதில் இருக்கலாம். அதையும் அவர்மேல் எரிந்து விழாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரைச் சொல்வதா என்ற முடிவு பாட்டியுடையது. மகளுடையதோ மூத்த மகனுடையதோ அல்ல. அவர் தெளிவாக யோசிக்கும் நிலையில் இருக்கும்வரை, எல்லா வழிகளையும் அவர் முன் வைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பேரன் அறையில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பாட்டியும் தனக்காகப் பேசமாட்டார்.

போலீஸ் வேண்டாம், வீட்டுக்குள் தீர்த்துக்கொள்கிறோம் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். செய்தவர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டியின் கார்டில் கட்டுவது தீர்வாகாது. 870 ரூபாய்க் கணக்கை மேலே பார்த்தோம். தன் பெயரில் நகைக்கடனோ தனிநபர் கடனோ வாங்கி, கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைக்கட்டும். அவற்றின் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவு, கடனும் எடுத்தவர் பெயருக்கு மாறிவிடும். எவ்வளவு எடுத்தேன், எப்போது கட்டி முடிப்பேன் என்று அவர் கையால் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று பாட்டியிடம் இருக்கட்டும். "பாட்டி காலத்துக்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்" என்ற நினைப்பு அவருக்கு இருந்தால், அதையும் திருத்த வேண்டும். வங்கி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பாக்கியைக் கேட்கும். வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டியதில்லை. ஆனால் எல்லோருடைய பங்கிலும் அந்தக் கடன் குறையும்.

மறுக்கிறான், மிரட்டுகிறான், மறுபடியும் செய்கிறான் என்றால் தயங்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். பிறருடைய கடவுச்சொல்லையும் அடையாளத்தையும் மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கும் ஒரு லட்சம் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். உறவு என்பதற்காக அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நீதிமன்றத்தின் வழியாகச் சமரசம் செய்துகொள்ள அதே சட்டம் இடம் தந்தாலும், குற்றம் ஒரு பெண்ணுக்கு எதிராக நடந்திருந்தால் அதற்கு வழியில்லை; புகார் கொடுக்கும் முன்பே பாட்டிக்கு இதையும் சொல்லிவிடுங்கள். வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கார்டு பணத்தை மீட்டுத் தருவதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் பணத்தையும் எடுத்துக்கொண்டு கவனிக்கவும் மறுக்கும் பிள்ளைகளிடமிருந்து மாத ஜீவனாம்சம் கேட்க, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம்.

மறுபடி நடக்காமலிருக்க

முதல் வேலை, பதிவு எண்ணைப் பாட்டியின் கையிலேயே இருக்கும் போனுக்கு மாற்றுவது. சாதாரணப் பட்டன் போன் போதும். ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலில் மட்டும் வராமல் தாளிலும் வரட்டும். தாளை மேஜைமேல் வைத்தால் நாலு பேர் கண்ணில் படும். இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் காட்டும் வசதி இவற்றைத் தனித்தனியாக நிறுத்தவும், வரம்பைக் குறைக்கவும் கார்டுக்காரருக்கு உரிமை உண்டு. 2020-லிருந்து எல்லா வங்கிகளும் இதைத் தந்தாக வேண்டும். பழைய கார்டில் ஒப்புதல் கொடுத்து வைத்த மாதச் சந்தாக்களையும் பார்த்து நிறுத்துங்கள். அவற்றில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி இல்லாமலே போகலாம்.

கார்டே வேண்டாம் என்றால் பாக்கியை அடைத்துவிட்டு மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன.

பாட்டியின் பெயரில் வேறு டம்ளர்கள் எங்கெங்கே சுற்றுகின்றன என்று பார்க்கக் கடன் அறிக்கை இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். வாங்காத கார்டோ கேட்காத கடனோ அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபணை பதிவு செய்யலாம். எழுபது வயதுக்கு மேல் எனக்கெதற்குக் கடன் அறிக்கை என்று பாட்டி கேட்பார். அவர் கடன் வாங்கப்போவதில்லை என்பதால்தான் அவர் பெயரில் வேறொருவர் வாங்கியிருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதைப் படிப்பவர் அந்தக் கார்டைப் பயன்படுத்திய பிள்ளையாகவே இருந்தால், அடுத்த ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே பாட்டியிடம் நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள். வசூல் ஆளின் வாயிலிருந்து அவர் அதைக் கேட்க விடாதீர்கள்.

பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருந்தால், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தனியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். அங்கே பேசினால் யார்மீதும் தானாக வழக்குப் பதிவாகிவிடாது.